மகிழ மரத்தடியில் கேட்டு வாங்கிய சத்தியம்

சித்தப்பாவின் சாப்பாட்டுக் கேரியர் ஒரு நாள் கழுவி வந்தது. எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

1989. எனக்குப் பதினோரு வயது. கோடை லீவுக்குத் தண்டையார்ப்பேட்டையில் சித்தி வீட்டில் இருந்தேன். சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. விடியற்காலையில் மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியரை சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் அது பருக்கை காய்ந்து, குழம்பு வாடையோடு திரும்பி வரும். சித்தி அதைக் குழாயடிக்கு எடுத்துப்போய் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்ப்பாள்.

அன்று வந்த கேரியர் பளபளவென்று இருந்தது. சித்தி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். சபீனா பவுடர் வாசனை. அந்த வீட்டில் சபீனா வாங்கியதே கிடையாது. அடுக்குகளும் மாறியிருந்தன. சோறு அடியில், குழம்பு நடுவில், பொரியல் மேலே என்பது சித்தி வைக்கும் வரிசை. மூன்றாவது அடுக்கின் விளிம்பில் ஒரு சின்ன நெளிவு இருக்கும், அது எப்போதும் மேலேதான் இருக்கும். அன்று அது நடுவில் இருந்தது. சித்தி குழாயடியிலேயே வெகுநேரம் குந்தியிருந்தாள். அப்புறம், ஏற்கெனவே கழுவியிருந்த அந்தக் கேரியரை மறுபடியும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணூர் பக்கம் சித்தப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருப்பது ஒரு மாதத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்த ஒரு மாதமும், அதற்குப் பிறகு வந்த வருடங்களும் எனக்கு ஒன்றைக் காட்டின. கட்டிய துணைக்குச் செய்யும் துரோகம் ஒரே ஒரு ஆளுக்குச் செய்யும் துரோகம். ஆனால் அது வெளியே தெரிந்த நிமிடத்திலிருந்து வேறு யார் யாருக்கோ சொந்தமாகிவிடுகிறது. தெருவுக்கு, சாதிக்கு, கோயிலுக்கு, சபைக்கு, ஜமாத்துக்கு, கோர்ட்டுக்கு. அடிபட்ட ஆளிடம் மட்டும் யாரும் வந்து எதுவும் கேட்பதில்லை. வடசென்னையில் பிறந்து வளர்ந்து, மூன்று மதத்துக்காரர்களோடும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வாழ்ந்தவள் நான். மூன்று பக்கமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

சித்தி விஷயத்துக்குப் பஞ்சாயத்து வைத்தார்கள். தெருக்கோடி அம்மன் கோயில் திண்ணையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர், சித்தப்பாவின் அண்ணன், என் அப்பா, தாய்மாமா. பெண்கள் கோயிலுக்கு எதிர்வீட்டு வாசலில் நின்றோம். பேச்சு எங்களுக்குக் காதில் விழும், ஆனால் நாங்கள் பேசினால் அவர்களுக்கு விழாது, அவ்வளவு தூரம். முருகனுக்கே ரெண்டு என்று ஒருவர் ஆரம்பித்தார். இந்த ஒரு வார்த்தையை என் வாழ்நாளில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இன்னொருவர் ராமனை இழுத்தார். சம்பளத்தில் பாதி இங்கே வர வேண்டும், பொங்கல் தீபாவளிக்கு இங்கேதான் இருக்க வேண்டும், அந்தப் பொம்பளை இந்தத் தெருப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று பேசி முடித்தார்கள். கடைசியில் அம்மனுக்கு முன்னால் சூடம் ஏற்றினார்கள். சித்தப்பா அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிமேல் அங்கே போக மாட்டேன் என்று சத்தியம் செய்தார். பெரியவர்கள் காலில் விழுந்தார். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கலைந்தார்கள்.

சித்தி எதிர்வாசலில் நின்றபடியே இருந்தாள். அவர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சத்தியம் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. மறுபடியும் எண்ணூருக்குப் போக ஆரம்பித்தார். அடுத்த ஆடியில் ஏதோ இரும்புத் தகடு விழுந்து கால் கட்டைவிரல் நசுங்கியபோது, "சூடத்து மேல கை வச்சான்ல, ஆத்தா சும்மா வுடுவாளா" என்று தெரு முழுக்கப் பேசியது. என் ஆயாவும் அதைத்தான் சொன்னாள். எல்லாருக்கும் ஒரு நிம்மதி. அம்மன் கணக்குத் தீர்த்துவிட்டாள். யோசித்துப் பாருங்கள், சத்தியம் அவருக்கும் அம்மனுக்கும் நடுவில், மீறியது அம்மனிடம், தண்டித்தது அம்மன். இதில் சித்தி எங்கே வருகிறாள்? அவளுக்கு வேலை கூடியதுதான் மிச்சம். நசுங்கிய விரலுக்கு ஒன்றரை மாதம் கட்டு மாற்றினாள்.

சித்தி இதற்கு எங்கே போய் நின்றாள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் மாசி பிரம்மோற்சவத்தில் மகிழடி சேவை நடக்கும். ஒரு வருடமும் தவறாமல் சித்தி போவாள். நான் அங்கே இருந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். கூட்டத்தில் மூச்சு முட்டும். மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சுண்டலுக்காகத்தான் நான் போவேன்.

அந்தக் கதை வடசென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரியபுராணத்தில் வருவது. சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையார் என்று மனைவி உண்டு. திருவொற்றியூருக்கு வந்த இடத்தில், கோயிலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைப் பார்க்கிறார். எனக்கு இவளை மணம் செய்துவையும் என்று சிவபெருமானிடம் கேட்கிறார். சாமி சங்கிலியார் கனவில் போய்க் கேட்டால், அந்தப் பெண் கேள்வி கேட்கிறாள். அவர் ஆரூரில் ஒருத்தியோடு வாழ்கிறவர் ஆயிற்றே என்கிறாள். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து தருவான் என்கிறார் சாமி. இது தெரிந்ததும் சுந்தரர் சாமியிடம் இன்னொரு வரம் கேட்கிறார். நான் சந்நிதியில் வந்து சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் அங்கே இருக்க வேண்டாம், மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்கிறார். சாமி சரி என்றுவிட்டு, மறுபடியும் சங்கிலியாரின் கனவில் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். விடிந்ததும் அவள் அதையே கேட்கிறாள். சுந்தரருக்கு வேறு வழியில்லை. மரத்தடியில், சாமி முன்னாலேயே, உன்னைப் பிரியேன் என்று வாக்குக் கொடுக்கிறார்.

அப்புறம் வசந்தம் வந்தது, ஆரூர் நினைப்பும் வந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போனது. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் இன்னொரு கண் திரும்பியது. அங்கே பரவையார் சங்கிலி விஷயம் கேள்விப்பட்டுக் கதவைத் திறக்கவில்லை. ராத்திரியில் சாமியே இரண்டு தடவை தூது நடந்து பரவையாரைச் சமாதானம் செய்தார்.

சிறுவயதில் எனக்கு இது கண் போய்த் திரும்பிவந்த கதை. கல்யாணமான பிறகு கேட்டபோது வேறு மாதிரி கேட்டது. ஏற்கெனவே ஒருத்தியோடு வாழ்பவர் இன்னொருத்தியைக் கட்டியதற்காகக் கண் போகவில்லை. சங்கிலியிடம் கொடுத்த வாக்கை மீறியதற்காகப் போனது. பரவை வீட்டுக்குச் சாமி இரண்டு தடவை நடந்தார். ஒற்றியூரில் சங்கிலி வாசலுக்கு யாரும் தூது வந்ததாக நான் கேட்டதில்லை. கண் திரும்பக் கிடைத்த செய்தியாவது அவளுக்கு வந்ததா?

இதை ஒரு தடவை கோயிலிலிருந்து திரும்பும் வழியில் சித்தியிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: "அத்த வுடு. அவ கேட்டு வாங்கினா பாரு. இந்த மரத்துக்கு அடியில நின்னு, என்கிட்ட சொல்லுன்னு கேட்டு வாங்கினா. நான் எதிர்வூட்டு வாசல்ல நின்னுகினு இருந்தேன்."

அதே கோயிலில் வட்டப்பாறை அம்மன் சந்நிதி இருக்கிறது. அந்த அம்மன் கண்ணகிதான் என்று ஊரில் சொல்வார்கள். பஞ்சாயத்து முடிந்த அன்று வந்தவர் போனவரெல்லாம் சித்திக்குச் சொன்ன புத்திமதியும் கண்ணகிதான். "கண்ணகி மாதிரி பொறுமையா இரு, தானா வருவான்." சிலப்பதிகாரத்தை நான் கல்லூரியில் படித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் தெரு சொன்ன கண்ணகி அதில் இல்லை. மதுரையில், ஆயர் வீட்டில், கோவலன் தான் செய்த தப்பை அவளிடமே சொல்லி வருந்துகிறான். அவளும் நீங்கள் செய்தது போற்றத்தக்க நடத்தை இல்லை என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் அவன் சிலம்பு விற்கப் போகிறான். தெருவுக்கு அந்தப் பக்கம் தேவைப்படவில்லை போலும், பொறுமையை மட்டும் எடுத்துக்கொண்டது.

இனி ராயபுரம். எங்கள் அம்மா வீடு கல்மண்டபம் பக்கத்தில், ஒரே வாசலில் ஆறு குடித்தனம். அதில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த அண்ணன் சவுதியில் வெல்டர் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். அக்கா இரண்டு பிள்ளைகளோடு இங்கே. அவர்கள் போனது ஒரு சின்ன ஜெப வீட்டுக்கு, மாடியில் ஷீட் போட்ட இடம். அங்கே கீபோர்டு வாசிக்கும் ஒருவரோடு அக்காவுக்குப் பழக்கம் ஏற்பட்டது. நான் அக்காவைக் காப்பாற்றிப் பேச வரவில்லை. அவர் செய்தது தப்பு. பாலைவனத்தில் நின்று பற்றவைத்துப் பணம் அனுப்பிய மனுஷனுக்குச் செய்த தப்பு. அக்காவும் அதை என் அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்.

அந்தச் சபையை நடத்திய ஊழியர் என்ன செய்தார் என்றால், ஒரு ஞாயிறு ஆராதனையில் அக்காவை எழுப்பி நிறுத்தி, சபை முன்னால் பாவ அறிக்கை செய்யச் சொன்னார். ஆறு மாதம் திருவிருந்து, அதாவது ஆராதனையில் கொடுக்கும் அப்பமும் ரசமும், கிடையாது. கடைசி வரிசையில் உட்கார வேண்டும். பாடக் கூடாது. பிள்ளைகள் முன் வரிசையில் சண்டே ஸ்கூல் பசங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். கீபோர்டுக்காரர் அந்த வாரமே காணாமல் போய், ஒரு மாதத்தில் பெரம்பூரில் வேறொரு சபையில் வாசித்துக்கொண்டிருந்தார். சவுதிக்குக் கடிதம் எழுதியதும் ஊழியர்தான். அண்ணன் லீவு கிடைக்காமல் ஐந்து மாதம் கழித்து வந்தபோது, அவருக்காக முடிவு தயாராக இருந்தது. நீங்கள் மன்னித்துவிட வேண்டும், அதுதான் தேவ சித்தம் என்றார்கள். அவருடைய சொந்தக்காரர்கள் வேறு முடிவோடு வந்தார்கள், தள்ளி வை என்று. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அந்த மனுஷன் எங்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து என் அப்பாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நான் அவகிட்ட பேசணும்னுதாண்ணே டிக்கெட் போட்டு வந்தேன். என் வூட்ல அவளும் நானும் தனியா உக்காந்து பேச ஒரு மணி நேரம் கிடைக்கலண்ணே."

அவர் அழுதார். ஆண் பிள்ளைக்கு இந்த ஊரில் இதற்கு அழ இடமில்லை. கையாலாகாதவன் என்ற பேர் வந்துவிடும். மீசையை முறுக்கச் சொல்லும், இல்லாவிட்டால் அரிவாளைத் தேடச் சொல்லும். டீக்கடை போஸ்டரில் வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கும் 'கள்ளக்காதல்' கொலைகளில் எத்தனையோ, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதில் தொடங்கியிருக்கும் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். அந்த அண்ணன் குடும்பத்தோடு ஆவடி பக்கம் போய்விட்டார். சேர்ந்துதான் போனார்கள்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு முன்னால் நிறுத்தும் சம்பவத்தை எல்லாரும் அறிவோம். யோவான் எழுதியதில் எட்டாம் அதிகாரம். கல்லைக் கீழே போட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். அந்த ஆண் எங்கே என்று பலர் கேட்டிருக்கிறார்கள், நியாயமான கேள்வி. பழைய ஏற்பாட்டுச் சட்டம் இரண்டு பேருக்கும் ஒரே தண்டனைதான் சொல்கிறது. எனக்கு அந்த அண்ணனைப் பார்த்த பிறகு இன்னொரு கேள்வியும் வருகிறது. அந்தப் பெண்ணின் கணவன் எங்கே? கூட்டத்தில் கல்லோடு நின்றவர்களில் ஒருவனா? வீட்டில் உட்கார்ந்திருந்தானா? அவள் திரும்பிப் போனபோது அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்?

ராயபுரம் என்ற பேரே ராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். ராயப்பர் என்றால் பேதுரு. கம்பெனி காலத்துப் படகோட்டிகள் அவருக்குக் கட்டிய கோயில் இன்றைக்கும் இருக்கிறது. அவர் மூன்று தடவை, அந்த மனுஷனை எனக்குத் தெரியாது என்று மறுதலித்தவர். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு கடற்கரையில் அவரிடம் மூன்று தடவை கேட்கிறார், நீ என்னை நேசிக்கிறாயா என்று. கேட்டது மறுதலிக்கப்பட்டவர். பதில் சொன்னது மறுதலித்தவர். மூன்றாவது தடவை கேட்கும்போது பேதுருவுக்கு மனம் நோகிறது. அந்த நோவு இருவருக்கும் நடுவில் நடந்தது. சின்ன வயதில் ராயப்பர் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி கொளுத்த நாங்கள் எல்லாரும் போவோம், எந்த மதம் என்று யாரும் கேட்டதில்லை.

மண்ணடியில் நடந்தது வேறு மாதிரி. என் பள்ளித் தோழியின் அக்கா. கணவருக்கு பர்மா பஜாரில் கடை. 2005 வாக்கில், செல்போன் எல்லார் கைக்கும் வந்த புதிது. அக்காவின் போனில் வந்த ஏதோ மிஸ்டு கால்களை வைத்துக்கொண்டு, இவளுக்கு யாரோடோ தொடுப்பு என்று அவர் வெளியில் பேசத் தொடங்கினார். மாமியார் வீட்டில் அதையே பிடித்துக்கொண்டார்கள். விஷயம் ஜமாத்துக்குப் போனது. நிக்காஹ் எழுதிய தஃப்தரை, அந்தப் பதிவேட்டை, எடுத்து வைத்துக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். அங்கே மார்க்கம் படித்த பெரியவர், வயதான ஹஜ்ரத் ஒருவர் இருந்தார். கணவரிடம் கேட்ட முதல் கேள்வி, சாட்சி எங்கே என்பது.

குர்ஆனில் அந்நூர் என்ற 24ஆவது அத்தியாயம் இதைப் பற்றிப் பேசுகிறது. விபசாரம் செய்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் தண்டனை என்று சொல்லிவிட்டு, உடனே அடுத்ததைச் சொல்கிறது. ஒழுக்கமான பெண்மீது பழி சொல்கிறவன் நாலு சாட்சி கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் அவனுக்கு எண்பது கசையடி, அதற்குப் பிறகு அவன் சாட்சியம் எங்கேயும் செல்லாது. நபிகளின் மனைவி ஆயிஷா நாயகி மீதே ஊர் அவதூறு பேசிய சம்பவத்தை ஒட்டித்தான் இந்த அத்தியாயத்தின் வசனங்கள் சில வந்தன என்பது மரபு. கணவனே பழி சொல்லி, சாட்சியும் இல்லாவிட்டால், லிஆன் என்ற முறை உண்டு. அவன் நாலு தடவை அல்லாஹ்வின் பேரில் சத்தியம் செய்து, ஐந்தாவது தடவை நான் பொய் சொன்னால் என்மேல் சாபம் என்று சொல்ல வேண்டும். அவளும் அதே போல ஐந்து தடவை சொல்லி மறுக்கலாம். மறுத்தால் அவளுக்குத் தண்டனை கிடையாது.

ஹஜ்ரத் இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, சொல்லத் தயாரா என்று கேட்டார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஹஜ்ரத், திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவிடம், "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார். தோழி இதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. அந்த வருடம் முழுக்க அவள் அக்காவிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அக்கா, எனக்கு இவரோடு வாழ வேண்டாம் என்றார். குலா, அதாவது மனைவி கேட்டு வாங்கும் விவாகரத்து, வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்காக மண்ணடியில் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். அதே தோழியின் பெரியப்பா ஐம்பது வயதில் இன்னொரு நிக்காஹ் செய்தபோது மார்க்கத்தில் இடம் உண்டு என்று முடித்துவிட்டார்கள். மனைவியரிடையே நீதமாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள் என்ற மீதி வசனத்தை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. குலா வாங்கிய அக்காவையும் தெரு சும்மா விடவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்றது. ஹஜ்ரத்தால் அந்த ஒரு அறைக்குள்தான் நியாயத்தைக் காப்பாற்ற முடிந்தது.

சட்டம் மட்டும் என்ன செய்தது? 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் 497ஆம் பிரிவு இருந்தது. ஒருவன் இன்னொருவன் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதம் இல்லாமல் உறவு வைத்தால் ஐந்து வருடம் வரை சிறை. கணவனின் சம்மதம் இருந்தால் குற்றமே இல்லை. புகார் கொடுக்கும் உரிமையும் கணவனுக்குத்தான். மனைவிக்குத் துரோகம் செய்த கணவன்மீது மனைவி இந்தப் பிரிவில் புகார் கொடுக்கவே முடியாது. மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனதற்குச் சொந்தக்காரன் புகார் கொடுப்பது போன்ற ஏற்பாடு. திருக்குறளில் பிறனில் விழையாமை என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. பத்துக் குறளும் ஆணைப் பார்த்து, அடுத்தவன் மனைவியை நாடாதே என்று அடித்துச் சொல்பவை. அதற்காக வள்ளுவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அதன் முதல் குறளில் அந்தப் பெண்ணுக்கு வரும் சொல் 'பிறன்பொருளாள்'. இந்தச் சொல் எனக்கு வலிக்கிறது, மறைக்க மாட்டேன்.

கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டம் இன்னும் மோசம். மனைவி தவறினால் அது ஒன்றே கணவன் விவாகரத்து வாங்கப் போதும். கணவன் தவறினால் அது மட்டும் போதாது, கொடுமை செய்தான், கைவிட்டான் என்று கூட ஒன்றையும் சேர்த்து நிரூபித்தால்தான் மனைவிக்கு விவாகரத்து. 2001 வரை இது சட்டப் புத்தகத்தில் இருந்தது.

497ஐ 2018 செப்டம்பர் 27 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. 1985இல் இதே பிரிவு செல்லும் என்று தீர்ப்பு எழுதியவர் ஒய்.வி.சந்திரசூட். 2018இல் செல்லாது என்று எழுதியவர்களில் ஒருவர் அவர் மகன் டி.ஒய்.சந்திரசூட். அன்றைக்குச் சாயங்காலம் நான் சித்தி வீட்டில் இருந்தேன். டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா உள்ளே வந்து, "இன்னாடி இது, இனிமே யார் வேணா யார்கூட வேணா போலாமாம், தப்பில்லியாம்" என்றார். தெருவெல்லாம் அதையே பேசியது. அது உண்மை இல்லை. ஜெயிலுக்கு அனுப்பும் குற்றம் இல்லை என்றுதான் தீர்ப்பு சொன்னது. விவாகரத்துக்கு அது இன்றைக்கும் காரணம்தான். 1955ஆம் வருட இந்துத் திருமணச் சட்டத்தில், கணவனோ மனைவியோ யார் செய்தாலும், அது காரணம்தான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அந்தப் பழைய குற்றத்தை மறுபடி சேர்க்கவில்லை.

சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பவும் நான் போய்க் கேஸ் குடுத்திருக்க முடியாதா?" என்றாள். முடியாது சித்தி, அது புருஷனுக்கு மட்டும்தான் என்றேன். எண்ணூரில் தாலி கட்டிய கல்யாணத்துக்குச் சாட்சி இருந்தால் இரண்டாம் கல்யாணத்துக்காக வேறு பிரிவில் கேஸ் போட்டிருக்கலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், டிவியை அணைத்தாள்.

பெண் தவறினாள் என்றால் இந்த ஊர் எப்படி மாறும் என்பதற்கு ஆடி மாதம் பெரியபாளையம் போகும் வண்டிகளைப் பார்த்தால் போதும் எனக்கு. வேப்பஞ்சேலை கட்டி, மஞ்சள் பூசி, எங்கள் பக்கத்துப் பெண்கள் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். வடசென்னையில் ரேணுகா பரமேஸ்வரி என்ற பேரில் எத்தனை கோயில்கள்! ரேணுகாதேவி என்ன செய்தாள்? ஆற்றில் தெரிந்த கந்தர்வனின் நிழலை ஒரு கணம் பார்த்து வியந்தாள். பச்சை மண்ணில் அவள் வனைந்து தண்ணீர் எடுக்கும் குடம் அன்று திரளவில்லை. அதற்குப் புருஷன் ஜமதக்னி, பெற்ற பிள்ளை பரசுராமனை விட்டே தலையை வெட்டச் சொன்னான். ஒரு கண நினைப்புக்குத் தலை. அந்தத் தலையைத்தான் நாம் அம்மன் என்று கும்பிடுகிறோம். நானும் கும்பிடுகிறேன், மனதாரக் கும்பிடுகிறேன். என் ஆயா கூழ் ஊற்றும்போது முதல் கரண்டியைத் தரையில் ஊற்றி, "தப்பா நினைச்சதுக்கே தலைய எடுத்தானுங்களே தாயே" என்று முணுமுணுப்பாள். சித்தியின் பஞ்சாயத்தன்று வீட்டு விஷயம் வீதிக்கு வரக் கூடாது என்று சித்தியின் வாயை அடைத்தவளும் அதே ஆயாதான். அவளுக்குள் இரண்டும் இருந்தது. அவள் காலத்தில் புருஷன் வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கு உட்கார ஒரு திண்ணைகூட இல்லை என்பதை அவள் பார்த்திருந்தாள்.

இதைத்தான் வெளியில் இருந்து பார்ப்பவர்கள் புரிந்துகொள்வதில்லை. சித்தி ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்பார்கள். மதம் பயமுறுத்தியது என்பார்கள். கோயில் சித்தியைப் பயமுறுத்தவில்லை, கோயில்தான் அவளுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. அவளைக் கட்டிப்போட்டது இரண்டு பெண் பிள்ளைகள். நாளைக்கு வளைகாப்புக்கு யார் வருவார்கள், காதுகுத்துக்கு யார் மடியில் உட்கார வைப்பது, பெண் கேட்டு யார் வருவார்கள், செத்தால் யார் தூக்குவார்கள் என்ற பயம். அதைக் கையில் வைத்திருப்பது சொந்தபந்தமும் தெருவும். சாமி பேரைச் சொல்லி ஊர் பேசும். ஊரை மீறினால் சாமியை மீறிய மாதிரி ஆகிவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்க சித்திக்கு இருபது வருடம் ஆனது.

2011இல் சித்தப்பா இறந்தார். எண்ணூர் அம்மா தன் பிள்ளையோடு தெருமுனை வரை வந்து நின்றார். உள்ளே விடலாமா என்று மறுபடியும் ஆண்கள் கூடிப் பேசினார்கள். பத்தாம் நாள் யாருக்குத் தாலி எடுப்பது என்பது வரை பேச்சுப் போனது. இந்த முறை சித்தி எழுந்து அந்தக் கூட்டத்துக்குள் போனாள். "அவங்க வந்து மூஞ்சிய பாத்துட்டுப் போவட்டும். எனக்குத் தாலி எடுக்கற சடங்கு வேணாம், நானே கழட்டிக்குறேன்" என்றாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த அம்மா வந்தார், பார்த்தார், போனார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசிக்கொண்டார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் பேசவில்லை.

போன மாசியில் சித்தியைத் திருவொற்றியூருக்குக் கூட்டிப்போனேன். இப்போது மெட்ரோ இருக்கிறது, அவளுக்குப் படி ஏற வேண்டியதில்லை, லிஃப்டில் போய்விடலாம். கூட்டம் குறைந்த பிறகு மகிழ மரத்துப் பக்கம் உட்கார்ந்தோம். நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "சித்தி, அன்னிக்கு அந்தத் திண்ணையில உன்னைக் கூப்புட்டு, உனக்கு இன்னா வேணும்னு கேட்டிருந்தா, இன்னா சொல்லியிருப்பே?"

சம்பளத்தைச் சொல்வாள், அந்த அம்மாவை விடச் சொல்லியிருப்பேன் என்பாள் என்று நினைத்தேன். சித்தி முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள்.

"கேரியர யார் கழுவுனதுன்னு கேட்டிருப்பேன்" என்றாள். "என் மூஞ்சியப் பாத்து, இன்னாருன்னு அவரு வாயால சொல்லணும். சாவுற வரைக்கும் என்கிட்ட சொல்லவே இல்ல, பாப்பா. ஊருக்கே சொன்னாரு, அம்மன்கிட்ட சொன்னாரு."

சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் கையில் கொட்டினாள்.